தைவான் தெரு: குப்பையில் ஒழுங்கு, நடைபாதையில் குழப்பம் – ஏன் இப்படி?

தைவானைப் பற்றி வரும் செய்திகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. தெருவில் குப்பைத் தொட்டியே கண்ணில் படாது, ஆனால் குப்பையும் கிடக்காது. நள்ளிரவு தாண்டி ஒரு பெண் தனியாக நடந்து வீடு திரும்பலாம். மெட்ரோவில் ஒரு மிட்டாயைக்கூட யாரும் வாயில் போடுவதில்லை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதே நாட்டுக்குப் ‘பாதசாரிகளின் நரகம்’ என்று பட்டப்பெயர். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான் ஆகிய நாடுகள் தங்கள் பயணிகளிடம் தைவானில் சாலையில் நடக்கும்போது கவனமாக இருக்கச் சொல்கின்றன. அங்கே சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 பேர் இறக்கிறார்கள். இந்தியக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் தைவான் தன்னை ஒப்பிட்டுக்கொள்வது ஜப்பானோடு. தைவானைவிட ஐந்து மடங்கு மக்கள் வாழும் ஜப்பானிலும் சாவு எண்ணிக்கை ஏறத்தாழ இவ்வளவுதான்.

படிக்கவும் வேலைக்கும் தைபே, ஷின்ச்சு பக்கம் போகிற தமிழர்கள் இப்போது கூடியிருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது: எது உண்மையான தைவான்?

‘அந்த ஊர் மக்களின் குணம் அப்படி’ என்று சொல்லிவிடுவது சுலபம். புதிதாகக் குடியேறுகிற வெளிநாட்டவர் முதல் மாதத்தில் ‘என்ன ஒழுக்கமான ஜனங்கள்!’ என்பார். மூன்றாவது மாதத்தில் ‘வண்டியில் ஏறினால் மட்டும் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள்’ என்பார். ஆட்கள் மாறுவதில்லை. பிளாட்பாரத்தில் கோடு தாண்டாமல் வரிசையில் நின்ற அதே மனிதர்தான், பத்து நிமிடம் கழித்து நடைவழியை அடைத்து ஸ்கூட்டரை நிறுத்துகிறார். குணத்தை விட்டுவிட்டு, தெருவின் ஒவ்வொரு துண்டும் யாருக்குச் சொந்தம், அதில் யார் காசு வசூலிக்கிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்று பார்த்தால் பாதி புதிர் அவிழ்ந்துவிடும்.

## ஊர் எப்படி அமைந்திருக்கிறது

சுமார் 36,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஏறத்தாழ 2.3 கோடி மக்கள். கேரளத்தைவிடச் சற்றுச் சின்ன தீவு. அதிலும் பெரும்பகுதி மலை. ஆகவே ஜனங்கள் மேற்குக் கரையோரச் சமவெளியிலும் தைபே போன்ற பள்ளத்தாக்குகளிலும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பழைய குடியிருப்புகள் பெரும்பாலும் லிப்ட் இல்லாத நான்கைந்து மாடிக் கட்டடங்கள். கீழே கடை, மேலே வீடு. ஒரே சந்தில் நூடுல்ஸ் கடை, ஸ்கூட்டர் மெக்கானிக், கோவில், பாலர் பள்ளி எல்லாம் இருக்கும்.

முகவரி எழுதும் முறையைப் புரிந்துகொண்டால் தெருவின் அமைப்பும் புரிந்துவிடும்:

1. லூ என்பது பெரிய சாலை. நீளமான சாலை துவான் என்ற பகுதிகளாகப் பிரிந்திருக்கும்.
2. ஷியாங் என்பது சாலையிலிருந்து பிரியும் சந்து. அதற்குத் தனிப் பெயர் கிடையாது. பிரிகிற இடத்தின் கதவு எண்தான் அதன் பெயர். 112-ஆம் சந்து என்றால், பெரிய சாலையில் 110-க்கும் 114-க்கும் நடுவே நுழைய வேண்டும்.
3. நோங் என்பது சந்துக்குள் பிரியும் சந்து. அதற்கும் இதே கணக்கு.

வழி கேட்காமலே வீட்டைக் கண்டுபிடிக்கலாம், அருமையான ஏற்பாடு. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. பெரிய சாலைகளுக்குத்தான் தனி நடைபாதை உண்டு. சந்துகளில் ஒரு கார் போகிற அகலம்தான். நடப்பவர், ஸ்கூட்டர், தள்ளுவண்டி, டெலிவரி லாரி எல்லாருக்கும் அதே தரை. பல சந்துகளில் ஓரமாகப் பச்சைப் பெயின்ட் அடித்து, இதுதான் நடைபாதை என்று சொல்லியிருக்கிறார்கள். பெயின்ட்டுக்கு விளிம்புக் கல் கிடையாது என்பதால் அதன்மேல் எதுவும் ஏறி நிற்கும்.

## குப்பை: ஒழுங்கு எப்படி வந்தது

மாலை ஏழு மணி சுமாருக்கு ஏதாவது ஒரு பழைய குடியிருப்புச் சந்தில் நின்றால் பார்க்கலாம். முதலில் நாலைந்து பேர் செருப்பும் அரைக்கால் சட்டையுமாகக் கீழே இறங்கி முனையில் நிற்பார்கள். கையில் நீலப் பை. தூரத்தில் பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ மெட்டோ, ‘ஒரு கன்னியின் பிரார்த்தனை’ என்ற பியானோ மெட்டோ ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்கும். சந்து முழுக்கக் கதவுகள் திறக்கும். மஞ்சள் லாரி வந்து நிற்கும். அவரவர் பையை அவரவரே உள்ளே வீச வேண்டும். பின்னாலேயே மறுசுழற்சிக்கான இன்னொரு லாரி. உணவுக் கழிவுக்குத் தனி வாளிகள்: சமைத்தது ஒன்றில், காய்கறித் தோல் போன்றவை இன்னொன்றில். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்து, லாரி அடுத்த முனைக்கு நகர்ந்துவிடும். தவறவிட்டவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவார், அல்லது மாடிக்குத் திரும்புவார்.

இந்தக் காட்சியைப் படம் எடுத்துப் போடாத வெளிநாட்டவர் இல்லை. ஆனால் இது பரம்பரைப் பழக்கமெல்லாம் இல்லை, முப்பது வருடக் கதைதான்.

1. 1980-களிலும் 90-களிலும் தைவானில் குப்பை கொட்ட இடமில்லாமல் ஊருக்கு ஊர் சண்டை. தைபேயின் நெய்ஹூ பகுதியில் குப்பை ஒரு மலையாகவே வளர்ந்து நின்றது; அடிக்கடி தீப்பிடித்தது. அதற்குப் பதிலாகத் திறந்த கிடங்கும் பத்தே வருடத்தில் நிரம்பியது.
2. அரசு எரிஉலைகளைக் கட்டியது. தைபேயில் மட்டும் 1990-களுக்குள் மூன்று. பெய்டோ பகுதி உலையின் புகைபோக்கியில், உயரத்தில், சுழலும் உணவகம் ஒன்றையும் வைத்தார்கள். குப்பை எரியும் இடத்தில் சாப்பாடா என்று தோன்றும். எதிர்ப்பாளர்களுக்கு ‘இது ஆபத்தில்லை’ என்று காட்ட இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.
3. 1990-களின் நடுவில் ‘குப்பை தரையைத் தொடக் கூடாது’ என்ற விதி வந்தது. தெருமுனையில் குவித்துவிட்டுப் போகும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி. லாரி வரும்போது நேரில் கொண்டுவந்து போட வேண்டும்.
4. 2000 ஜூலை 1 முதல் தைபேயில் பைக்குக் கட்டணம். அதற்கு முன் குப்பை வரி தண்ணீர் பில்லோடு சேர்ந்து வந்தது. எவ்வளவு குப்பை போட்டாலும் ஒரே கணக்கு. இப்போது நகராட்சி முத்திரையுள்ள நீலப் பையில் போட்டால்தான் லாரி ஏற்கும். பையின் விலையில் கட்டணம் அடக்கம், லிட்டருக்கு 0.36 தைவான் டாலர். மறுசுழற்சிப் பொருள்களுக்குக் கட்டணமே இல்லை. பக்கத்து நியூ தைபே நகரம் 2010-ல் இதைப் பின்பற்றியது.
5. அப்புறம்தான் தெருவோரத் தொட்டிகளைக் குறைத்தார்கள். இல்லாவிட்டால் எல்லாரும் பைக் காசை மிச்சம் பிடிக்க வீட்டுக் குப்பையை அதில் திணித்துவிடுவார்களே! அப்படிச் செய்தால் அபராதம் 1,200 முதல் 6,000 தைவான் டாலர் வரை. (ஒரு தைவான் டாலர் மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.) காட்டிக்கொடுப்பவருக்கு அபராதத்தில் ஒரு பங்கு.

பிரித்துப் போட்டால் இலவசம், பிரிக்காமல் போட்டால் காசு, ஏமாற்றினால் அபராதம். மூன்றும் ஒரே திசையில் தள்ளுகின்றன. போதாததற்கு, எல்லாரும் ஒரே நேரத்தில் கூடுவதால் யார் பையில் என்ன இருக்கிறது என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மறுசுழற்சிக்குப் போவது இப்படித்தான். எதை எந்தக் கிழமை போடலாம் என்பதிலும் அட்டவணை உண்டு. தைபேயில் திங்கள், வெள்ளி காகிதமும் துணியும். செவ்வாய், வியாழன், சனி பாட்டில், டப்பா வகை. புதனும் ஞாயிறும் லாரியே வராது.

சமைத்த உணவுக் கழிவு நீண்ட காலமாகக் கொதிக்க வைக்கப்பட்டுப் பன்றிப் பண்ணைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2025 அக்டோபரில் தைச்சுங் நகரப் பண்ணை ஒன்றில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தத் தீவனத்துக்குத் தடை விழுந்தது. அந்த வாளிகளை எங்கே காலி செய்வது என்பது நகராட்சிகளுக்கு உடனே பெரிய தலைவலியானது. தெருமுனை ஏற்பாடு எவ்வளவு தூரத்துச் சங்கிலியோடு கட்டியிருக்கிறது என்பதற்கு இது சான்று.

இதில் கஷ்டப்படுபவர்களும் உண்டு. இரவு ஒன்பதுக்கு வேலை விட்டு வருகிறவருக்கு லாரி கிடைக்காது. புதிய அடுக்குமாடிகளில் பராமரிப்புக் கட்டணம் கட்டினால் கீழ்த்தளத்தில் குப்பையைச் சேகரித்துக்கொள்வார்கள். ஆகவே வாடகை விளம்பரங்களில் ‘குப்பை எடுத்துக்கொள்ளப்படும்’ என்பது ஒரு சலுகையாகவே எழுதப்படுகிறது. பழைய கட்டடத்தில் ஒற்றை அறையில் இருப்பவர் ஒன்று லாரியைத் துரத்த வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

## அந்த வரிசையில் நிற்கும் வெளிநாட்டவர்

தைவானில் வாழும் வெளிநாட்டவர் என்றால் ஆங்கில ஆசிரியரும் சிப் பொறியாளரும்தான் பலருக்கு நினைவு வருகிறார்கள். எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மை. 8 லட்சத்துக்கு மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், தாய்லாந்திலிருந்து வந்தவர்கள். மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தாண்டிவிட்ட நாடு என்பதால் வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளவே இரண்டு லட்சம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியப் பெண்கள்.

தைவானின் தொழிலாளர் தரச் சட்டம் இந்த வீட்டுப் பராமரிப்பாளர்களுக்குப் பொருந்தாது. வாராந்திர விடுமுறைகூட எஜமானர் மனசைப் பொறுத்தது. அதனால் மாலையில் குப்பை லாரிக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடம், சக்கர நாற்காலியைப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போகும் காலை நேரம் இரண்டும் அவர்கள் தங்கள் மொழியில் பேசிக்கொள்ளக் கிடைக்கும் பொழுது. எந்த வீட்டில் சம்பளம் பிடிக்கிறார்கள், எந்த ஏஜென்ட் மோசம் என்ற தகவல்களெல்லாம் அங்கேதான் கைமாறுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை தைபே மத்திய ரயில் நிலையத்தின் கறுப்பு வெள்ளைத் தரையில் இவர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது பழகிய காட்சி. 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி உட்காரத் தடை போட்டார்கள். அதை நிரந்தரமாக்க யோசனை வந்ததும் தைவானியர்களும் சேர்ந்து அதே தரையில் அமர்ந்து எதிர்த்தார்கள். தடை விலக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர்களை வரவழைக்க இந்தியாவும் தைவானும் ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பதால் இந்தப் பகுதி நமக்கும் சம்பந்தமுள்ளதுதான்.

## பில், கடை, இரவு விளக்கு

குப்பையில் செய்ததை வரியில் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1951-ல் தைவான் மாகாண நிதித்துறைத் தலைவராக இருந்த ரென் ஷியன்ச்சுன், கடைக்காரர்கள் பில் போடாமல் வரி ஏய்ப்பதைத் தடுக்க ஒரு வழி கண்டார். எல்லா பில்லிலும் அரசு எண். அந்த எண்ணுக்குக் குலுக்கல் பரிசு. அதிகாரிகள் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரே பில் கேட்டு வாங்கிவிடுவார். முதல் வருடத்திலேயே அந்த வரி வசூல் 2.9 கோடியிலிருந்து 5.1 கோடி தைவான் டாலராக ஏறியது.

இன்றும் ஒற்றைப்படை மாதங்களின் 25-ஆம் தேதி குலுக்கல் நடக்கிறது. பெரிய பரிசு ஒரு கோடி தைவான் டாலர்; கடைசி மூன்று எண் பொருந்தினாலும் 200 கிடைக்கும். கடைக் கல்லாப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி, பில்லைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதற்கானது. இரவுச் சந்தைத் தள்ளுவண்டியில் பில் தராதது வரித் திருட்டு இல்லை. சிறு வியாபாரிகளுக்கு இந்த முறையிலிருந்து விலக்கு உண்டு.

கல்லா என்றதும் செவன் இலெவன், ஃபேமிலி மார்ட் மாதிரிக் கடைகளைச் சொல்லாமல் விட முடியாது. தீவு முழுக்க 13,000-க்கு மேல். ஏறக்குறைய 1,800 பேருக்கு ஒன்று. மின்கட்டணம், பார்க்கிங் கட்டணம், ரயில் டிக்கெட், பிரின்ட், பார்சல் எல்லாம் அங்கேயே முடியும். கல்லா ஓரம் டீ இலையும் சோயாவும் சேர்த்துக் கொதிக்கும் முட்டைப் பானையின் வாசனைதான் அந்தக் கடைகளின் அடையாளம். நள்ளிரவுப் பாதுகாப்புக்கு இந்தக் கடைகளுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இருநூறு மீட்டருக்கு ஒரு இடத்தில் விடிய விடிய விளக்கும், கேமராவும், விழித்திருக்கும் ஒரு ஆளும் இருந்தால் தெருவுக்கே காவல் போட்ட மாதிரி.

## ச்சிலோ: யாருடைய நடைவழி?

இனிமேல்தான் சிக்கல். தைவான் நகரங்களில் பெரிய சாலையோரக் கட்டடங்களின் கீழ்த்தளம் மூன்றரை மீட்டர் அளவில் உள்வாங்கியிருக்கும், மேல்மாடிகள் அதன்மேல் நீட்டிக்கொண்டிருக்கும், முன்னால் தூண்கள். இந்தக் கூரையுள்ள நடைவழிக்கு ச்சிலோ என்று பெயர். வருடத்தில் பாதி நாள் மழையும் மீதி நாள் கொளுத்தும் வெயிலுமாக இருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் பினாங்கிலும் தமிழர்கள் கடை வைத்திருக்கும் ஐந்தடி வழியும் இதன் உறவுதான். சிங்கப்பூரில் 1822-ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் அதைக் கட்டாயமாக்கியது. தைவானில் ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1900-ல் வந்த கட்டட விதிகள் அதே வேலையைச் செய்தன.

நம் வீடுகளின் திண்ணையைப் போல, சொந்த இடம், ஆனால் வழிப்போக்கருக்கும் உரியது. திண்ணையில் வந்தவர் உட்கார்ந்தால் போதும். இங்கே ஊரே நடந்து கடக்க வேண்டும்.

சட்டப்படி நிலைமை இது: நிலம் கட்டடக்காரருடையது. பொதுமக்கள் நடக்கும் உரிமை ஊருடையது. அதற்கு ஈடாக உரிமையாளருக்கு நில வரியில் குறைப்பு. தரை போட்டது யார்? உரிமையாளரே, தன் கட்டடம் எழும்பிய காலத்தில், தன் வசதிக்கேற்ற உயரத்தில். 1968-ல் கட்டியவர் ஒரு மட்டத்தில் போட்டார், 1985-ல் பக்கத்தில் கட்டியவர் வெள்ளத்துக்குப் பயந்து ஒன்றரை அடி உயர்த்தினார் என்றால், நடுவில் ஒரு படி முளைத்துவிடும்.

பத்துக் கடை நீளம் நடந்தால் என்னவெல்லாம் வரும்? முதலில் வழவழப்பான டைல்ஸ், மழைநாளில் வழுக்கும். அடுத்து இரண்டு படி ஏற்றம். ஒரு ஸ்கூட்டர் பட்டறை, தரையெல்லாம் நட்டும் எண்ணெயும். பிறகு நூடுல்ஸ் கடை. சமையலறை உள்ளே அல்ல, நடைவழியிலேயே. கொதிக்கும் பானையும், நாலு ஸ்டூலும், சாப்பிடுகிறவர்களின் முதுகும். பூந்தொட்டி வரிசை. ஒரு சரிவுப் பலகை. அதற்கப்பால் இடைவெளியே இல்லாமல் ஏழெட்டு ஸ்கூட்டர். வேறு வழியில்லை, சாலையில் இறங்க வேண்டியதுதான். இளைஞர் இறங்கி ஏறிவிடுவார். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் இந்த ச்சிலோ முழுவதுமே மூடிய கதவு.

நடைவழியை அடைப்பது சட்டப்படி குற்றம். ஆனால் கடைக்காரர் மனசில் அது தன் வீட்டு வாசல்; வரிக் குறைப்பு சின்னது, வாசல் தரும் வருமானம் பெரியது. நகராட்சியோ பல இடங்களில் ஸ்கூட்டர் நிறுத்த அதையே அனுமதித்து வந்திருக்கிறது. குப்பையில் இருந்த மூன்று தள்ளுதல்களில் ஒன்றுகூட இங்கே இல்லை. தைபே நகராட்சி உயரங்களைச் சமன் செய்யவும் ஸ்கூட்டர்களை ச்சிலோவிலிருந்து வெளியேற்றவும் திட்டங்கள் நடத்துகிறது. ஒவ்வொரு உரிமையாளரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது.

## ஸ்கூட்டர்: ஓரத்துக்குத் தள்ளப்பட்ட பெரும்பான்மை

2.3 கோடிப் பேருக்குச் சுமார் 1.4 கோடி இருசக்கர வண்டிகள். கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் பெரும்பாலும். காலையில் தைபே பாலத்தின் இறக்கத்தில் நூற்றுக்கணக்கில் வழிந்து இறங்கும் படம் உலகப் புகழ் பெற்றது.

தைவானில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். இதை மனதில் வைத்துக்கொண்டு விதிகளைப் பார்க்க வேண்டும்:

1. பல பெரிய சாலைகளின் உட்புறத் தடங்களில் ஸ்கூட்டருக்கு அனுமதி இல்லை. வலது ஓரத்தில்தான் போக வேண்டும்.
2. அகலமான சாலையில் நேரடியாக இடப்பக்கம் திரும்பக் கூடாது. சந்திப்பை நேராகக் கடந்து, எதிர்மூலையில் வரைந்துள்ள கட்டத்தில் வண்டியை இடப்பக்கம் திருப்பி நிறுத்தி, அந்தச் சாலைக்குப் பச்சை விழுந்ததும் போக வேண்டும். இதற்கு இரண்டு கட்டத் திருப்பம் என்று பெயர்.
3. சிவப்பு விளக்கில் கார்களுக்கு முன்னால் ஸ்கூட்டர்களுக்கென்று தனிக் கட்டம் உண்டு.

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் வலது ஓரம் என்பது பஸ் நிறுத்தம், டாக்ஸி நிற்கும் இடம், சரக்கு இறக்கும் லாரி, வலப்பக்கம் திரும்பும் கார் எல்லாம் மோதிக்கொள்ளும் இடம். எண்ணிக்கையில் அதிகமான, உடலுக்குக் கவசமில்லாத வண்டியை விதியே அங்கே கொண்டுபோய்த் திணிக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டுவோர் அமைப்புகள் வருடக்கணக்காகச் சொல்லிவரும் குறை இது; நியாயமான குறை.

உரிமம் வழங்கும் முறையும் ஒரு காரணம். ஸ்கூட்டர் தேர்வின் பிரபலமான கட்டம், குறுகலான நேர்கோட்டில் கால் ஊன்றாமல் ஏழு நொடிக்குக் குறையாமல் மெதுவாக ஓட்டுவது. அதில் பலர் தோற்பார்கள். எல்லாம் வேலிக்குள் இருக்கும் மைதானத்தில் நடக்கும். லாரியின் மறைபகுதி எது, திரும்பும் காருக்கு எப்போது நிற்க வேண்டும் என்பதை நிஜச் சாலையில் யாரும் சோதிப்பதில்லை.

## நடப்பவர் ஏன் அடிபடுகிறார்

சிக்னலில் பச்சை மனிதன் நடந்து, நேரம் குறையக் குறைய ஓடும் அந்த அசையும் படம் 1999-ல் தைபேயில்தான் முதலில் வந்தது. பாதசாரிக்கு இவ்வளவு அழகான விளக்கு செய்த ஊரில் அந்த விளக்கின் கீழேயே விபத்து நடக்கிறது. காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம்:

1. நடப்பவருக்கும் வலப்பக்கம் திரும்பும் காருக்கும் பச்சை ஒரே நேரத்தில் விழுகிறது. சாலையை ஒட்டி நடந்து வருகிறவருக்கு அந்தக் கார் இடப்பக்கம் பின்னாலிருந்து வரும். இந்தியாவிலிருந்து போகிறவர் பழக்கத்தில் வலப்பக்கம் பார்ப்பார்.
2. ஜீப்ரா கோடுகள் சந்திப்பின் விளிம்பிலேயே போடப்பட்டிருந்தன. கார் முழுதாகத் திரும்பும் முன்பே கோட்டின் மேல் ஏறிவிடும். முன்கண்ணாடிப் பக்கத்துக் கம்பம் நடப்பவரை மறைப்பதும் அந்த நொடியில்தான். இப்போது பல இடங்களில் கோட்டைச் சில மீட்டர் பின்னுக்கு இழுத்திருக்கிறார்கள்.
3. சந்திப்பிலிருந்து பத்து மீட்டருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது. நிறுத்துகிறார்கள். மறைவிலிருந்து வெளிப்படும் நபரை ஓட்டுநர் கடைசி நேரத்தில்தான் பார்க்கிறார்.
4. ச்சிலோ அடைபட்டிருப்பதால் சாலையில் இறங்கி நடப்பவர்கள். இவர்களுக்குப் பச்சையும் இல்லை, கோடும் இல்லை.

இதெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயமாகத்தான் இருந்தது. 2021-ல் தொடங்கிய ஒரு முகநூல் பக்கம் படம் படமாகப் போட்டு ‘பாதசாரிகளின் நரகம்’ என்ற பேச்சைப் பரப்பியது. 2022 டிசம்பரில் சிஎன்என் அதைச் செய்தியாக்கியதும் அரசுக்கு உறைத்தது. 2023 மே மாதம் தைனானில் ஜீப்ரா கோட்டில் கடந்துகொண்டிருந்த தாய் மீதும் மூன்று வயது மகள் மீதும் கார் மோதியது, குழந்தை இறந்துபோனாள். அதன் பிறகு யாராலும் பேசாமல் இருக்க முடியவில்லை.

2023 ஜூன் 30 முதல் பாதசாரிக்கு வழிவிடாத கார் ஓட்டுநருக்கு அபராதம் 6,000 தைவான் டாலர் வரை உயர்ந்தது. ஆகஸ்ட் 20 அன்று தைபேயின் கெட்டகலான் பெருஞ்சாலையில் ‘சாலையை மக்களுக்குத் திருப்பிக்கொடு’ என்று பேரணி நடந்தது. வரவிருந்த தேர்தலின் அதிபர் வேட்பாளர்களும் அங்கே வந்து முகம் காட்டினார்கள். டிசம்பரில் சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அடிப்படைச் சட்டம், அடுத்த ஆண்டில் பாதசாரிகள் பாதுகாப்பு வசதிகளுக்கான தனிச் சட்டம்.

விளைவு? கோட்டுக்கு முன்னால் கார்கள் நிற்பது கண்கூடாகக் கூடியிருக்கிறது, முக்கியமாகத் தைபேயில். குப்பையில் வேலை செய்த அதே வழிதான்: அபராதம் நிச்சயமானதும் பழக்கம் மாறுகிறது. தைவானில் பொதுமக்களே வீடியோ எடுத்து ஏழு நாளுக்குள் அனுப்பிப் போக்குவரத்துக் குற்றங்களைப் புகார் செய்யலாம் என்பதால், ஒவ்வொரு டேஷ்போர்டு கேமராவும் ஒரு போலீஸ்காரர் ஆனது.

ஆனால் குப்பையில் இல்லாத ஒன்று இங்கே நடந்தது. ஓட்டுநர் உரிமத்தில் ஏறும் குற்றப் புள்ளிகள் மளமளவென்று சேர்ந்து, டாக்ஸி, லாரி ஓட்டுநர்கள் பிழைப்பு போகிறது என்று கொதித்தார்கள். 2024 ஜூன் 30 முதல் போலீஸ் நேரில் நிறுத்திப் பிடித்தால் மட்டுமே புள்ளி என்று விதி தளர்ந்தது. பொதுமக்கள் புகார் செய்யக்கூடிய நிறுத்தக் குற்றங்களும் குறைக்கப்பட்டன. நடைபாதை உயர்த்திக் கட்டப்படும் தெருக்களில் முதல் எதிர்ப்பு கடைக்காரர்களிடமிருந்து வருகிறது: வாசலில் ஸ்கூட்டர் நிற்காவிட்டால் வாங்க வருகிறவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார் என்கிறார்கள். எந்தத் தெருவில் பார்க்கிங் கோடு அழியும், எதில் அழியாது என்பதைக் கடைசியில் தீர்மானிப்பவர்கள் நகர மேயர்களும் கவுன்சிலர்களும். அவர்களுக்கான தேர்தல் 2026 நவம்பரில்.